தேவாங்கைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்வது எப்படி?

மெலிந்த உடலும் பெரிய கண்களுமாக இருக்கும் பிள்ளையைப் பார்த்துத் "தேவாங்கு மாதிரி இருக்கிறானே" என்று சொல்வது நம் வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் குழந்தைகளில் பெரும்பாலோர் தேவாங்கைக் கண்ணால் கண்டதில்லை. அது ஒரு விலங்கின் பெயர் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. காட்டுயிர்களின் தகவமைப்பைக் கற்றுக்கொடுக்க எந்த விலங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் தயங்காமல் தேவாங்கையே சொல்வேன். ஒட்டகத்தின் திமிலையும் துருவக் கரடியின் ரோமத்தையும் குழந்தைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஏனென்றால் திமிலும் ரோமமும் அவர்கள் உடலில் இல்லை. தேவாங்கு அப்படியல்ல. அதற்கும் நமக்கும் ஐந்து விரல்கள், நகங்கள், முன்னோக்கிய இரு கண்கள் என்று அடிப்படை அமைப்பு ஒன்றுதான். அதனால் அதன் உடலில் காணப்படும் ஒவ்வொரு வேறுபாட்டையும் குழந்தை தன் கையாலும் காலாலும் கண்ணாலும் சோதித்துப் பார்த்துவிட முடியும்.

இங்கே நான் சொல்லும் முறை ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பொருந்தும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்தாறு நாட்களுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. முறையின் அடிப்படை இதுதான்: முதலில் விலங்கு சந்திக்கும் சிக்கலைக் குழந்தையின் உடலுக்குக் கொடுக்க வேண்டும், அடுத்து அந்தச் சிக்கலுக்கு விலங்கின் உடல் என்ன விடை வைத்திருக்கிறது என்று காட்ட வேண்டும், "தகவமைப்பு" என்ற சொல்லைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் சொல்லில் தொடங்கி உதாரணத்தில் முடிப்பதால், குழந்தை சொல்லைப் பிடித்துக்கொண்டு விலங்கை விட்டுவிடுகிறது.

கற்பிப்பவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேவாங்கு குரங்கு அல்ல. ஆனால் குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய அதே முதனி வரிசையைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் இரவில் மட்டும் நடமாடும் முதனி இது ஒன்றுதான். சாம்பல் நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. செந்தேவாங்கு இலங்கைக்கு மட்டுமே உரியது, அத்தீவின் மழை மிகுந்த தென்மேற்குக் காடுகளில் வாழ்வது. உடல் நீளம் ஓர் அடிக்கும் குறைவு, எடை பெரும்பாலும் 300 கிராமுக்குள். வால் வெளியே தெரியாத அளவுக்குக் குறுகிவிட்டது. பகலில் கிளைகளுக்கிடையே பந்துபோலச் சுருண்டு, பல வேளைகளில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து தூங்கும்; இருட்டிய பிறகு தனித்தனியாகப் பிரிந்து பூச்சி தேடும். தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் வறண்ட முட்காடுகளில் இவை கணிசமாக வாழ்வதால், 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அங்கே 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் அது.

இந்தத் தகவல்களைக் குழந்தைகளிடம் முதல் நாளே அடுக்கிவிடக் கூடாது. அவர்கள் கேட்கும்போது சொல்வதற்காக நீங்கள் வைத்திருக்க வேண்டிய கையிருப்பு இது.

முதல் நாள்: அரிசிப் பை

ஒரு சிறிய துணிப் பையில் கால் கிலோ அரிசியைப் போட்டுக் கட்டுங்கள். குழந்தையின் கண்களை மூடச் சொல்லி, நீட்டிய முன்கையின் மேல் அந்தப் பையை மெல்ல வையுங்கள். "ஒரு விலங்கு இப்போது உன் கை மேல் உட்கார்ந்திருக்கிறது. நீதான் கிளை. அசையாமல் இரு" என்று மட்டும் சொல்லுங்கள். குழந்தைகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அரிசியின் எடை துணியின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கையின் வளைவுக்கு ஏற்றபடி அமர்ந்துகொள்ளும். ஓர் உயிர் தன்னைப் பற்றிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு அதிலேயே வந்துவிடும். "வளர்ந்த தேவாங்கு இவ்வளவுதான்" என்று பிறகு சொன்னால் போதும். கேலிச்சொல்லாக இருந்த பெயருக்கு ஓர் எடை வந்துவிடுகிறது. எந்தப் படத்தையும் இதற்கு முன்னால் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்ததும் அந்தக் கண்கள்தான் மனத்தில் நிற்கும், மற்ற எதையும் குழந்தை கவனிக்காது.

அன்றே சிக்கலையும் சொல்லிவிடலாம். இவ்வளவு சிறிய, பல்லும் நகமும் பெரிதாக இல்லாத ஒரு விலங்கு, ஆந்தையும் பாம்பும் காட்டுப்பூனையும் உலவும் இரவில், முள் நிறைந்த கிளைகளின் மேல், பறக்கவும் தாவவும் தெரியாமல் எப்படி உயிர்வாழ்கிறது? விடை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் வரும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை இருக்கும்.

கையைப் பற்றிய பாடம்

தேவாங்கின் கையில் சுட்டுவிரல் மிகவும் குறுகிப்போயிருக்கும். கட்டைவிரலோ மற்ற விரல்களுக்கு எதிர்த்திசையில் அகல விரிந்திருக்கும். இடுக்கியின் இரு தாடைகளைப்போல அது கிளையைக் கவ்விக்கொள்கிறது. கால் விரல்களும் இதே போலத்தான் கவ்வும். இதை விளக்கப் படம் தேவையில்லை. குழந்தைகளைச் சுட்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு வேலைகளைக் கொடுங்கள். முதல் வேலை, பென்சிலால் தன் பெயரை எழுதுவது. இரண்டாவது, உலக்கையையோ மாடிப்படியின் கைப்பிடிக் குழாயையோ இறுகப் பற்றுவது. எழுதும்போது எல்லோரும் தடுமாறுவார்கள். உலக்கையைப் பற்றும்போது அவ்வளவு இடைஞ்சல் இருக்காது. கட்டைவிரல் நன்றாக விலகி, பிடி சற்று அகலமாவதைச் சிலர் தாங்களாகவே கவனித்துச் சொல்வார்கள். நுணுக்கமான வேலைக்குத்தான் சுட்டுவிரல் நமக்கு இன்றியமையாதது, பற்றித் தொங்குவதற்கு அது அவ்வளவு முக்கியமில்லை என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். தேவாங்கு பூச்சியைப் பிடிப்பதுகூட விரல் நுனியால் கிள்ளி அல்ல, முழுக் கையாலும் வாரிப் பிடித்துத்தான்.

அடுத்து நேரத்தைச் சோதியுங்கள். துணி காயப்போடும் கம்பி போன்று தலைக்கு மேலே உறுதியாக இருக்கும் ஒன்றை, தரையில் நின்றபடியே இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கும். தேவாங்கு இப்படிப் பற்றியபடியே மிக நீண்ட நேரம் அசையாமல் இருக்கும், அதே பிடியில் தூங்கவும் செய்யும். அதன் கை கால்களின் தொடக்கத்திலேயே இரத்தக்குழாய் ஒரே குழாயாகச் செல்லாமல், மெல்லிய பல குழாய்களாகப் பிரிந்து வலைபோலப் பின்னிச் செல்கிறது. நீண்ட நேரப் பிடிக்கு இந்த அமைப்பு உதவுகிறது என்று விலங்கியலாளர்கள் கருதுகிறார்கள். குழந்தைகளுக்கு இதை வயலை வைத்துச் சொல்லலாம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயலில் அந்த வாய்க்காலை மிதித்து அடைத்தால் பயிர் முழுவதும் வாடும். தண்ணீர் நாற்பது சிறு கால்களாகப் பிரிந்து பாய்ந்தால் ஒன்றிரண்டு நெருக்கப்பட்டாலும் மற்றவை போய்க்கொண்டிருக்கும். சரியான ஒப்புமை என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமானது.

சலங்கை விளையாட்டு

முழுப் பாடத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். தேவாங்கின் மிகப் பெரிய பாதுகாப்பு அதன் மெதுவான நடைதான். அது தாவாது. ஒரு கையையோ காலையோ எடுத்து வைப்பதற்கு முன் மற்றவை கிளையைப் பற்றியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, சத்தமோ அசைவோ தெரியாமல் வழுக்கிச் செல்வதுபோல நகரும். ஆபத்து நெருங்கினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். அந்த நடை இரண்டு பக்கமும் பயன்படுகிறது: ஆந்தைக்கு அது தென்படுவதில்லை, அது பிடிக்கப்போகும் வண்டுக்கும் தென்படுவதில்லை.

ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டி நடுவில் உட்காரவையுங்கள், அதுதான் ஆந்தை. மற்றவர்கள் ஒவ்வொருவரின் கணுக்காலிலும் ஒரு சலங்கையோ முத்துக் கொலுசோ கட்டிவிட்டு, பத்தடி தூரத்தில் நிறுத்துங்கள். கைகளும் கால்களும் தரையில் ஊன்றியபடி ஆந்தையை நோக்கி வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கையோ ஒரு காலோ மட்டுமே தரையை விட்டு எழலாம். சத்தம் வந்த திசையை ஆந்தை சரியாகக் கைகாட்டினால் அந்தக் குழந்தை பிடிபட்டது. முதல் சுற்றில் பாதிப் பேருக்கு மேல் சில நொடிகளில் பிடிபட்டுவிடுவார்கள். ஓரிருவர் மட்டும், பெரும்பாலும் வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளைகள், முழங்காலைத் தூக்கும்போது சலங்கை மணி புரளாதபடி பாதத்தைச் சாய்த்து, ஒரு முழத்தைக் கடக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். அவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்துக்கு அவர்கள்தான் வேண்டும்.

இரண்டாம் சுற்றில் விதியை மாற்றுங்கள். பிடிபட்டவர்கள் அனைவரும் மீண்டும் விளையாட்டுக்குள் வரலாம், ஆனால் பழையபடி அல்ல. பிடிபடாமல் வந்து சேர்ந்தவர்களின் "குட்டிகளாக" வர வேண்டும். குட்டி தன் தாயை ஒத்திருக்கும் என்பதால், ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு தாயைத் தேர்ந்துகொண்டு அவர் நடந்த விதமாகவே நடக்க வேண்டும். மூன்றாம் சுற்றிலும் இதே விதி. மூன்றாம் சுற்று முடியும்போது கூட்டம் முழுவதுமே முதல் சுற்றைவிட மெதுவாகவும் ஒலியில்லாமலும் நகர்வதைக் குழந்தைகளே பார்ப்பார்கள்.

இப்போது கேளுங்கள்: "மெதுவாக நடக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்துக்கு யாராவது கட்டளை போட்டார்களா?" இல்லை. வேகமாக நடந்தவர்கள் ஆந்தையிடம் சிக்கினார்கள், மெதுவாக நடந்தவர்களுக்குக் குட்டிகள் பிறந்தன, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு என்று பெரிய வகுப்புகளில் அவர்கள் படிக்கப்போவது இதைத்தான்.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தகவமைப்பைக் கற்பிக்கும்போது நம்மை அறியாமலே நாம் செய்யும் பெரிய பிழை நம் வாக்கியங்களில்தான் இருக்கிறது. "இருட்டில் பார்ப்பதற்காகத் தேவாங்கு தன் கண்களைப் பெரிதாக்கிக்கொண்டது" என்று எளிமைக்காகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது: இருட்டிலேயே உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் தன் கண்ணும் பெரிதாகுமா என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டிருக்கிறான். அவன் மீது தவறில்லை, நான் சொன்ன வாக்கியத்திலிருந்து நேராக வரும் கேள்வி அது. எந்தத் தேவாங்கும் தன் உடலைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. சற்றுப் பெரிய கண்ணோடு பிறந்தவை இரவில் அதிகமாக இரை கண்டன, அதிகமாகக் குட்டி ஈன்றன, அந்தக் குட்டிகளும் பெரிய கண்ணோடு பிறந்தன. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிந்தன. "மாற்றிக்கொண்டது" என்று வாயில் வரும்போதெல்லாம் நிறுத்தி, "அப்படிப் பிறந்தவை பிழைத்தன" என்று திருத்திச் சொல்லுங்கள். வாக்கியம் சற்று நீளும், பரவாயில்லை.

கண்

இப்போதுதான் படத்தைக் காட்ட வேண்டும். இதுவரை எடையாகவும் பிடியாகவும் நடையாகவும் அறிந்த விலங்கின் முகத்தைக் குழந்தைகள் பார்க்கும் நாள் இது. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல முன்னோக்கியிருக்கும் இரு கண்களும், அவற்றைச் சுற்றிய கருவளையங்களும், நடுவே மூக்கு நோக்கி இறங்கும் வெள்ளைக் கோடும் அவர்களை நெடுநேரம் பேசவிடாது. இரண்டு கண்களும் முன்னோக்கியிருப்பதன் பயனை உடனே காட்டலாம்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய இரு கைகளில் உள்ள இரண்டு பென்சில்களின் முனைகளை ஒன்றோடு ஒன்று தொடவைக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணால் தூரத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வண்டை ஒரே வீச்சில் பிடிக்க வேண்டிய விலங்குக்கு இந்தக் கணிப்பு பிழைத்தால் அன்றைய உணவு போய்விடும்.

அடுத்தது கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி. இரவில் பூனையின் கண்ணில் விளக்கொளி பட்டால் அது மின்னுவதை எல்லாக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதுதான் காரணம். தேவாங்குக்கும் அது உண்டு. இதைச் செய்து காட்டத் தேங்காய் எண்ணெய் தடவிய வெள்ளைக் காகிதம், ஒரு கறுப்புத் துணி, நன்கு துலக்கிய எவர்சில்வர் தட்டு, ஒரு டார்ச் ஆகியவை போதும். அறையை இருட்டாக்கி, கறுப்புத் துணிக்கு முன்னால் ஓரங்குல இடைவெளியில் எண்ணெய்க் காகிதத்தைப் பிடித்து டார்ச் அடியுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் தட்டை வையுங்கள். டார்ச் அதுவேதான், ஆனால் காகிதம் இப்போது கூடுதல் ஒளியோடு தெரியும். காகிதத்தைக் கடந்துபோன ஒளி வீணாகாமல் தட்டில் பட்டு மறுபடி காகிதத்துக்கே வருகிறது. காகிதம் விழித்திரை, தட்டு அந்தப் படலம். ஒருமுறை தவறவிட்ட ஒளியை இரண்டாம் முறை பிடித்துக்கொள்ள விழித்திரைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

இந்த இடத்திலேயே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு மங்கிய ஒளிக்குப் பொருந்திய கண்ணின் மேல் நேராக வெள்ளை டார்ச்சையோ கேமராவின் ஃபிளாஷையோ அடித்தால் அந்த விலங்கு என்ன பாடுபடும் என்று குழந்தைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். தேவாங்குகளைக் கணக்கெடுப்பவர்கள் விளக்கின் மேல் சிவப்பு நிறத் தாள் ஒட்டிக்கொண்டு போவது இதனால்தான்.

மற்ற சில உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து, நம் வீட்டுப் பேன் சீப்பைப்போல ரோமத்தைக் கோதப் பயன்படுகின்றன. காலின் இரண்டாம் விரலில் மட்டும் தட்டை நகத்துக்குப் பதிலாக வளைந்த கூர்நகம் இருக்கும். அது சொறிந்து சுத்தம் செய்வதற்கு. மூக்கு நாயின் மூக்கைப்போல ஈரமாக இருக்கும். உணவில் பெரும்பகுதி பூச்சிகள், குறிப்பாக எறும்பும் கரையானும். கடிக்கிற, கசக்கிற பூச்சிகளையும் விடாது. அவற்றைத் தின்னும்போது முகத்தைச் சுளித்து, தலையை உதறி, எச்சில் ஒழுகவிட்டபடி தின்று முடிக்கும். மற்ற விலங்குகள் ஒதுக்கும் உணவைத் தின்னக் கற்ற விலங்குக்குப் போட்டி குறைவு என்பதை, பாகற்காய்ப் பொரியல் பரிமாறப்படும் வீட்டில் வளரும் குழந்தைக்கு விளக்க வேண்டியதே இல்லை. அது தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தடவிக்கொள்ளும் என்று சொன்னால் வகுப்பு சிரிப்பில் அதிரும், சிரித்து முடிக்கட்டும். வாசனையால் வழியைக் குறிக்கவா, பிடி வழுக்காமல் இருக்கவா என்று அறிஞர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களைச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்விகள் அறிவியலில் உண்டு என்று தெரிந்துகொள்வது குழந்தைகளுக்கு மிகுந்த உற்சாகத்தைத் தரும்.

காணொளிகளும் கட்டுக்கதைகளும்

இணையத்தில் தேவாங்கின் உறவினமான, தென்கிழக்கு ஆசியாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வாழும் மெதுதேவாங்கை வீட்டில் வைத்துக் கிச்சுகிச்சு மூட்டும் காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. விலங்கு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும்; பார்ப்பவர்கள் அது மகிழ்வதாக நினைத்துச் சிரிப்பார்கள். உண்மையில் அது அஞ்சி நடுங்கும் நிலை. மெதுதேவாங்கின் முழங்கைக்கு அருகில் ஒரு சுரப்பி உண்டு. அதன் சுரப்பும் எச்சிலும் சேர்ந்து நஞ்சாகின்றன. ஆபத்து வரும்போது அந்தச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி வைத்துக்கொள்ளவே அது கைகளை உயர்த்துகிறது. கடி வாங்காமல் விற்பதற்காக அவற்றின் பற்களை மயக்க மருந்துகூட இல்லாமல் பிடுங்கிவிடும் கொடுமையும் நடக்கிறது. எங்கள் ஊர்த் தேவாங்குக்கு இந்த நஞ்சு இல்லை என்றாலும், இந்தக் காணொளியை மூத்த குழந்தைகளிடம் மறைக்காமல் பேசுவதே சரி என்று நினைக்கிறேன். தகவமைப்பைப் படித்தறியாதவர் கண்ணுக்கு அச்சம் கொஞ்சலாகத் தெரிகிறது. இந்த ஒரு வாரம் நாம் குழந்தைக்குக் கொடுக்க நினைப்பது அந்த வேறுபாட்டைக் காணும் கண்ணைத்தான்.

நம் பக்கத்துக் கொடுமை வேறு வகையானது. தேவாங்கின் கண் நம் கண்நோய்க்கு மருந்தாகும் என்றும், அதன் உடலைக் கொண்டு மாந்திரீகம் செய்யலாம் என்றும் நம்பி அவற்றைப் பிடித்துக் கொன்றவர்கள் உண்டு. ஜோசியம் சொல்லக் கூண்டில் அடைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர்களும் உண்டு. "எங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார்" என்று ஒரு குழந்தை எழுந்து சொல்லும்போது, தாத்தாவை மூடர் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை தாத்தாவின் பக்கம்தான் நிற்கும். காகிதத்தையும் தட்டையும் மறுபடி எடுத்துக் காட்டி, "அந்தக் கண்ணின் ஒளிக்குக் காரணம் இதுதான் என்று தாத்தாவுக்குச் செய்து காட்டுகிறாயா?" என்று கேளுங்கள். செய்து காட்டுவதில் குழந்தைகளுக்கு இருக்கும் பெருமையை நான் முழுமையாக நம்புகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேவாங்கு முதல் அட்டவணையில் உள்ளது என்பதையும், அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சாக்பீஸ் காடு

கடைசி நாளுக்கு ஒரு முற்றமும் சாக்பீஸும் போதும். தரையில் ஒன்றை ஒன்று தொடும்படி இருபது வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மரத்தின் கிளைப்பரப்பு. குழந்தைகள் தேவாங்குகளாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். குதிக்கக் கூடாது, கால் எப்போதும் ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் எளிதாகப் போய்ச் சேர்வார்கள். பிறகு ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, "இங்கே சாலை போடுகிறார்கள்" என்று சொல்லி ஒரு வரிசை வட்டங்களை அழியுங்கள். "இங்கே வேலியோரத்து முட்செடிகளை வெட்டிவிட்டார்கள்" என்று இன்னும் இரண்டை அழியுங்கள். இப்போது யாராலும் போக முடியாது. ஒரு முழ இடைவெளிதான், குரங்கென்றால் தாவிவிடும், ஆனால் தாவாத விலங்குக்கு அது கடல். அதைப் பாதுகாத்துவந்த மெதுநடையே சாலையைக் கடக்கும்போது அதற்கு எமனாகிறது. தகவமைப்பு எந்த இடத்துக்குப் பொருந்தியதோ அந்த இடம் மாறினால் அதுவே பாரமாகிவிடும் என்பதை நான் பல வகுப்புகளில் சொற்களால் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். ஈரத் துணி ஒரே நிமிடத்தில் விளக்கிவிட்டது. இனி அந்தச் சொல்லைச் சொல்லலாம். பலகையில் "தகவமைப்பு" என்று எழுதி, அதன் பொருளை அவர்களையே சொல்லவிடுங்கள்.

சாக்பீஸைக் குழந்தைகள் கையில் கொடுத்து, எத்தனை மரம் திரும்ப வரைந்தால் வழி இணையும் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். உங்கள் ஊரைச் சுற்றித் தேவாங்கு வாழும் இடமாக இருந்தால், தோட்ட வேலியின் உயிர்மரங்களை வெட்டாமல் விடுவதும் இடைவெளியில் கன்று நடுவதும் இந்த விளையாட்டின் தொடர்ச்சியாக அமையும். காட்டுக்குள் இரவில் அழைத்துப் போக வேண்டுமென்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. எங்கே பார்த்தோம் என்பதை ஊரறியச் சொல்வதும் படத்தோடு வெளியிடுவதும் கூடாது.

ஒரு கேள்வியை மட்டும் எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். தாய்த் தேவாங்கு ஒன்றோ இரண்டோ குட்டிகள் ஈனும். குட்டி சற்று வளர்ந்ததும் இரவில் அதை ஒரு கிளையில் பற்றிக்கொள்ள விட்டுவிட்டுத் தனியாக இரை தேடப் போகும். இதைச் சொன்னவுடன் சிறிய குழந்தைகளில் ஒருவராவது, "அம்மா வரும்வரை அது அழாதா?" என்று கேட்பார்கள். குட்டி அந்தக் கிளையிலும் அதன் பக்கத்திலுமாக இருக்கும் என்றும், விடியுமுன் தாய் திரும்பி வந்து அதை எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்லுங்கள். தனியாக இருக்கும் குட்டியைப் பார்த்தால் பாவம் என்று வீட்டுக்கு எடுத்துவந்துவிடக் கூடாது, அடிபட்டிருந்தாலோ தரையில் விழுந்து கிடந்தாலோ மட்டும் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஓசையில்லாமல் விலகி வந்துவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எப்படி விலகி வருவது என்று கேட்டால், சலங்கை கட்டிய நாளில் நடந்தார்களே, அப்படித்தான்.